இல்லாத பெரியம்மாவின் முழங்கால்

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கடிதம் களவு போன ஒரு படகைப் பற்றியது. அந்தப் படகு ஒரு நாளும் தண்ணீரில் மிதந்ததில்லை. கணினித் திரையில் என் சுண்டுவிரல் அளவில், சிவப்புப் பாயோடு நின்ற படகு அது. அதைக் களவு கொடுத்தவளும் நான்தான், கடிதம் எழுதியவளும் நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் கல்லடி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிய நிலம். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, சுனாமியன்று, கடல் எங்கள் வீட்டுக்கு மேலால் ஏறிப்போய் வாவிக்குள் விழுந்தது. நாங்கள் மிஞ்சினோம், வீடு மிஞ்சவில்லை. பிறகு கட்டித் தந்த வீட்டில்தான் நான் படித்து வளர்ந்தேன். அப்பா வாவியில் வலை வீசுவார். அம்மா அந்த மீனையும் இறாலையும் அலுமினியப் பேசினில் வைத்துத் தலையில் சுமந்துபோய் வீடு வீடாக விற்பார். அப்பா இரண்டாம் வகுப்போடு தோணியில் ஏறியவர். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். அம்மாவுக்கு இளையவரான மாமா எழுத்துக் கூட்டி வாசிப்பார். ஆகவே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் நான் நூற்று ஐம்பத்தொரு புள்ளி எடுத்தபோது, எங்கள் வீட்டில் ஒரு சோதனையில் சித்தியடைந்த முதல் ஆள் ஆனேன். இதை நான் அந்த நாட்களில் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

மாமா கட்டாரில் கட்டட வேலையில் இருந்தார். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது ஒரு நாள் திடீரென்று போனவர். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குச் செய்கிற ஆரவாரம் எதுவும் அவருக்கு நடந்ததாக எனக்கு நினைவில்லை. வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு. அன்று பின்னேரம் அம்மாவின் போனுக்கு எடுத்து ஐந்து நிமிஷம் கதைப்பார். அந்த ஐந்து நிமிஷத்தில் நாலரை நிமிஷம் அம்மாவுக்குரியது.

எனக்குரிய நேரம் கணினியில் கிடைத்தது. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் கட்டித் தந்த பொதுக் கட்டடத்தில் ஒரு கணினி நிலையம் இருந்தது. ஐந்து கணினிகளில் இரண்டு எப்போதும் வேலை செய்யும், மூன்றாவது நல்ல நாள் பார்த்து வேலை செய்யும். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா இருந்தார். பள்ளி விட்டதும் மூன்று மணிக்கு அங்கே போவேன். வெள்ளிக்கிழமைகளில் மாமாவும் தன் பக்கத்து இன்டர்நெட் கடைக்கு வருவார். இருவரும் ஒரு விளையாட்டுக்குள் சந்திப்போம்.

அந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு தீவு. தென்னை நடலாம், மீன் பிடிக்கலாம், துறை கட்டலாம், படகுகளுக்கு வழிகாட்ட வெளிச்சவீடு எழுப்பலாம், படகு வைத்திருக்கலாம். ஒருவர் பொருளை மற்றவர் வாங்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று மாற்றுப் பெட்டி. இருவரும் தங்கள் பொருளைப் பெட்டிக்குள் வைத்து, இருவரும் பார்த்து, இருவரும் சரி என்று அமத்தினால்தான் பொருள் கைமாறும். மற்றது அன்பளிப்பு. கொடுத்தால் கொடுத்ததுதான். ஒவ்வொரு தீவின் வாசலிலும் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். என்னுடைய பலகையில் மாமா வாராவாரம், மருமகள் சாப்பிட்டியா, மருமகள் படிக்கிறியா என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிவிட்டுப் போவார். பலகையை யாரும் வாசிக்கலாம் என்பது எனக்குத் தெரியும். யாராவது வாசிப்பார்கள் என்பதுதான் தெரியாது.

செம்பாய்ப் படகு லேசில் கிடைக்கிற சாமான் இல்லை. அந்த விளையாட்டில் வைத்த ஒரு போட்டியில் வென்றவர்களுக்கு மட்டும் கொடுத்தது. மாமா எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் தூக்கத்தையும் துணி துவைப்பதையும் விட்டுவிட்டு விளையாடி அதை வென்றார். என் சோதனை முடிவு வந்த வாரம் அதை எனக்கு அன்பளிப்பாக அனுப்பினார். படகின் பக்கத்தில் மூன்று எழுத்து அல்லது எண் பொறிக்கலாம். ஒரு தரம் பொறித்தால் யாராலும் மாற்ற முடியாது. மாமா அதில் 151 என்று பொறித்திருந்தார். என் தீவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் படகுக்கு முன்னால் சற்று நின்றுவிட்டுத்தான் போவார்கள். அதற்குத் தென்னந்தோப்பு தருகிறேன், கிணறு தருகிறேன் என்று எத்தனை பேர் கேட்டார்கள். நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மாமாவின் படத்தோடு ஒரு புதிய கணக்கு என் தீவுக்கு வந்தது. கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் மஞ்சள் தொப்பியோடு மாமா நிற்கிற அதே படம்.

“மருமகள், நான் மாமா. பழைய கணக்கு பூட்டுப்பட்டுட்டு, உள்ள போக ஏலாம இரிக்கி” என்று எழுதினார். படகு தன் கணக்கிலிருந்துதான் வந்தது என்று காட்டினால்தான் திறந்து தருவார்களாம், ஆகவே படகைக் கொஞ்ச நேரத்துக்கு அனுப்பு, பின்னேரத்துக்குள் அனுப்பாவிட்டால் எல்லாம் போய்விடும் என்றார்.

தாய்மாமன் ஒன்றைக் கேட்டால் ஏன் என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் ஊரிலேயே இல்லை. மாமாவோடு மாற்றுப் பெட்டியில் வைத்து மாற்றுவது, சாப்பாடு போட்டுவிட்டுக் கணக்கெழுதி வைப்பதுபோல. அன்பளிப்பு என்பதை அமத்தினேன். படகு ஒரு தரம் பளிச்சிட்டுவிட்டுத் துறையிலிருந்து மறைந்தது. மாமாவுக்கு உதவி செய்த பெருமையோடு வீட்டுக்கு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு மாமா வந்தார். பழைய கணக்கிலேயே வந்தார்.

“மருமகள், படகு எங்க? துறையில காணல்ல.”

மாமா பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். “நீங்கதானே மாமா கேட்டு எடுத்த” என்று எழுதினேன்.

“நான் எப்ப கேட்ட?”

“செவ்வாய்க்கிழமை.”

“செவ்வாய்க்கிழமை நான் பதினாறாம் மாடியில கம்பி கட்டிக்கிட்டு நிண்டன் மருமகள்.”

திரையில் என் துறை வெறுமையாக இருந்தது. படகு நின்ற இடத்தில் சிறு அலை மட்டும் வந்து வந்து போனது. அந்த அலையை அதுவரை நான் கண்டதில்லை, படகு மறைத்திருந்தது. மாமா அதற்குமேல் ஒன்றும் ஏசவில்லை. போகட்டும் விடு என்று மட்டும் எழுதினார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. நூற்று ஐம்பத்தொரு புள்ளி எடுத்த பிள்ளை, மாமா தூக்கம் விட்டு வென்றதை ஒரு நொடியில் தூக்கிக் கொடுத்துவிட்டது.

பின்னேரம் மாமா போனில் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அப்பா வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரிக்கத் தொடங்கினார்.

“இஞ்ச பாருகா உன்ட மகளை. எனக்கு கடல் வந்து அடிச்சுத்தான் தோணி போன. இவள் கட்டி நிண்ட படகைத் தானே அவிழ்த்துக் குடுத்திரிக்காள்!”

நான் அழுதேன். அம்மா சிரிக்கவில்லை. பேசினைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் முன்னால் குந்தினார்.

“மாமாதான் எண்டு எப்படி நீ புடிச்ச?”

“படம் இருந்திச்சு.”

“படமா? சுனாமிக்குப் பிறகு முகாமில எத்தின வெள்ளைக்காரர் நம்மளப் படம் புடிச்சுக்கிட்டுப் போனவங்க. என்ட படத்தை வச்சிருக்கிறவங்கெல்லாம் நானாகிருவாங்களா?”

“மருமகள் எண்டு கூப்பிட்டார்.”

“செவ்வாய்க்கிழமை பட்டப்பகல்ல உன்ட மாமா வேலைக்குப் போகாம அங்க என்ன செஞ்சவன் எண்டு ஒரு கேள்வி கேட்டியா? அவசரம் எண்டு சொல்லித்தானே கேட்டவன்?” என்றார் அம்மா. “அவசரம் எண்டு வாறவனை இருத்தி வச்சு ஆறுதலாக் கதைக்கணும் புள்ள. உண்மையான ஆளெண்டா இருப்பான்.”

இதையெல்லாம் எழுத்துத் தெரியாத ஒருவர் எனக்குச் சொல்வது எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைவாக இருந்தது. விளையாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். ஒன்றும் தெரியாது என்று அம்மா ஒத்துக்கொண்டார்.

மறுநாள் நிலையத்து அக்காவிடம் போனேன். அக்கா முதலில் என் பாஸ்வேர்டை மாற்றச் செய்தார். பிறகு விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு முறைப்பாடு எழுதுகிற பக்கத்தைத் தேடி எடுத்தார். என்ன போனது, யாரிடம் போனது, அது உன்னுடையது என்பதற்கு என்ன ஆதாரம், அவன் வேறொருவர் போல நடித்ததற்கு என்ன ஆதாரம் என்று நான்கு கட்டங்கள். எல்லாம் ஆங்கிலத்தில். செவ்வாய்க்கிழமை நாங்கள் கதைத்தது எல்லாம் பக்கத்தை மூடியவுடன் அழிந்துபோயிருந்தது. ஆதாரம் என்று என் கையில் ஒன்றும் இல்லை.

“கவலப்படாத. அவன் திரும்பி வருவான்” என்றார் அக்கா. “உன்ட தீவில வெளிச்சவீடு இரிக்கிதானே? லேசாக் குடுக்கிற புள்ளையிட்ட ஒருக்கா வாங்கினவன் ரெண்டாந்தரமும் வருவான். வந்தா ஏசாத, விரட்டாத. என்னக் கூப்பிடு. கதைக்கிறதை அப்படியே படம் புடிச்சு எடுப்பம்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மாவும் வந்தார். நான் கூப்பிடவில்லை, தானாக வந்தார். பாதி விற்ற மீனை வாசலில் கொட்டை மரத்தடியில் வைத்து, சாக்கால் மூடி, சாக்குக்கு மேல் கல் வைத்து, காகங்களுக்கு ஒரு ஏச்சும் வைத்துவிட்டு உள்ளே வந்து கதிரையின் நுனியில் இருந்தார். அந்த மின்விசிறிக்கடியில் மணலை மீன் மணம் பரவியது. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அந்த வெட்கத்தை நினைத்தால்தான் வெட்கம்.

மூன்றே காலுக்கு மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு எரிந்தது.

“ஆள் வந்திட்டார்” என்றேன்.

அம்மா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். “எங்க? இந்தப் பச்சைப் பொட்டா அவன்?”

“மருமகள் சுகமா?” என்று பொட்டு கேட்டது. படகு பத்திரமாக இருக்கிறதாம். வெளிச்சவீட்டையும் அனுப்பினால் இரண்டையும் ஒன்றாகத் தருவாராம். என் பாஸ்வேர்டைச் சொன்னால் இன்னும் லேசாம், எனக்கு வேலை மிச்சமாம்.

என் விரல்கள் தானாகத் தட்டத் தொடங்கின. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் தட்டுகிற வேகம் தெரிந்தது.

“என்ன எழுதுற?”

“ஏசுறன்.”

“அழி. ஏசினா ஓடிருவான். பெரியம்மாட முழங்கால் இப்ப எப்படி இரிக்கி எண்டு கேளு.”

நான் திரும்பிப் பார்த்தேன். “எனக்குப் பெரியம்மா இல்லையேம்மா.”

உண்மையில் இல்லை. அம்மாதான் மூத்தவர், அடுத்தது மாமா, அவ்வளவுதான்.

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உன்ட மாமாக்கும் தெரியும்” என்றார் அம்மா. “இவனுக்குத் தெரியுமா?”

அந்தப் பெரியம்மாவின் முழங்காலைப் பற்றி முன்பு எங்கோ கேட்டது போல எனக்கு ஒரு கணம் இருந்தது. ஆனால் யோசிக்க நேரம் இருக்கவில்லை. தட்டி அனுப்பினேன். கொஞ்ச நேரம் மூன்று புள்ளிகள் துள்ளிக்கொண்டிருந்தன. பிறகு பதில் வந்தது.

“இப்ப கொஞ்சம் சுகம். நேத்தும் கதைச்சன். உன்னையும் கேட்டவ.”

வாசித்துக் காட்டினேன். அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “இன்னொருக்கா வாசி” என்றார். வாசித்தேன். “எந்தக் கால் எண்டு கேளு.”

“வலது கால்” என்று வந்தது.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. “பாவம்கா, இல்லாத மனுசிக்கு வலது கால்தான் நோகுதாம்!” அக்கா சிரித்துக்கொண்டே வந்து, திரையில் இருந்ததை அப்படியே படமாக எடுத்து வைத்தார். வெளிச்சவீட்டைப் பற்றி அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பச்சைப் பொட்டுக்கு எழுதிவிட்டு நான் வெளியே வந்தேன். அதில் பொய் எதுவும் இல்லை.

நான்காவது கட்டத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. மூன்றாவதுதான் மிச்சம். சிவப்புப் பாய்ப் படகுகள் உலகத்தில் எத்தனையோ இருக்கும், அது என்னுடையது என்று எப்படிச் சொல்வது? அன்று சாப்பிடும்போது இதைச் சொன்னேன். இதற்கு அப்பா பதில் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு அப்பா தன் தோணியைத் தேடி வாவிக்கரை முழுவதும் நடந்திருக்கிறார். பத்தாம் நாள் அது ஒரு வளவுக்குள் வேலியில் ஏறிக் கிடந்தது. பக்கத்தில் இன்னொருவர் நின்று, இது என்னுடையது என்றாராம். தோணிகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். அவர் பொய்யும் சொல்லவில்லை, தன்னுடையது என்றே நம்பியிருக்கிறார்.

“நான் ஒண்டும் சண்டை புடிக்கல்ல” என்றார் அப்பா. “உள்ளுக்க முன் அணியப் பக்கம் சேத்தைக் கழுவிப் பாருங்க, பிஸ்கட் தகரத்து மூடி வச்சு ஒட்டுப் போட்டிரிக்கி, மூடியில ஒரு பொம்புளப்புள்ள சிரிச்சுக்கிட்டு இரிப்பாள் எண்டன். கழுவினாங்க. அவள் சிரிச்சுக்கிட்டு இருந்தாள்.” சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: “உன்ட படகில ஒட்டு ஒண்டும் இல்லையா?”

இருந்தது. 151 இருந்தது.

எழுதித் தருகிறேன் என்று அக்கா சொன்னார். வேண்டாம், பிழையை மட்டும் பாருங்கள் என்றேன். களவு கொடுத்தது நான். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று பின்னேரங்கள் எழுதினேன். அந்தக் கடிதத்தின் அச்சுப் பிரதி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: மதிப்புக்குரிய ஐயா, என் படகின் பக்கத்தில் 151 என்று இருக்கிறது. அது என் சோதனைப் புள்ளி. என் புள்ளி உலகத்தில் வேறு யாருக்கும் தேவைப்படாது. இந்த மனிதர் என் மாமா என்று சொல்கிறார். என் மாமாவுக்கு மூத்த அக்கா ஒருவர்தான், அவர் என் அம்மா, முழங்காலைப் பற்றிக் கேட்கச் சொன்னவரும் அவர்தான். எனக்கு பிக் மதர் கிடையாது. ஆகவே அவருக்கு முழங்கால் கிடையாது. ஆனால் இந்த மனிதர் அதனோடு நேற்றும் கதைத்திருக்கிறார்.

அக்கா பிழை பார்த்தார். பிக் மதரில் வந்ததும் சிரித்துவிட்டு, அது அப்படியே இருக்கட்டும் என்றார். வெள்ளிக்கிழமை மாமாவும் இன்டர்நெட் கடைக்காரரின் உதவியோடு தன்னுடைய சொந்தக் கணக்கிலிருந்து, அந்த மற்ற ஆள் நானில்லை, படகை நான்தான் மருமகளுக்குக் கொடுத்தேன் என்று ஒரு முறைப்பாடு அனுப்பினார்.

பதில் வரப் பதினொரு நாட்கள் ஆயின. அந்தப் பதினொரு நாளும் அப்பா விடிய வாவிக்குப் போகுமுன் என் பாயருகே நின்று, “படகு துறைக்கு வந்திட்டா?” என்று கேட்டார். முதல் நாள் பகிடியாகத்தான் கேட்டார். நாலாம் ஐந்தாம் நாளில் அவருடைய குரல், வராத தோணியைப் பற்றிக் கேட்கிற குரலாகவே மாறியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் நிலையத்துக்குப் போனபோது படகு துறையில் நின்றது. சிவப்புப் பாய், பக்கத்தில் 151. கடிதமும் வந்திருந்தது. உங்கள் ஆதாரங்கள் தெளிவாக இருந்தன, அந்தக் கணக்கு மூடப்பட்டுவிட்டது, உங்கள் படகு திருப்பித் தரப்படுகிறது, பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். கடைசி வரியில், உங்கள் அம்மாவுக்கு எங்கள் மரியாதை என்று இருந்தது. அந்த வரியை நான் வீட்டில் கடைசியாகத்தான் வாசித்தேன், அதுவும் சற்று வேகமாக.

அக்கா அதை அச்செடுத்துத் தந்தார். அம்மா அதைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு மாதம் மீன் விற்றார். இறால் பார்க்கக் குனிகிறவர்கள் எல்லாருக்கும் அது நீட்டப்பட்டது. “வாசிச்சுப் பாருங்க. வெளிநாட்டுக்காரர் என்ட மகளுக்கு எழுதியிரிக்காங்க. அவள் இங்கிலீசில எழுதிக் கேட்டவள்.” முழங்கால் கதையை அம்மா ஒருவருக்கும் சொல்லவில்லை. அதை நானும் கவனித்தேன். என் கடிதத்தால்தான் படகு வந்தது என்பதை அம்மாவே ஒத்துக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனில் எனக்கு முழுதாக மூன்று நிமிஷம் கிடைத்தது. மாமாவும் நானும் சில விதிகள் செய்துகொண்டோம். விளையாட்டுக்குள் யார் எதைக் கேட்டாலும் வெள்ளிக்கிழமை போனில் குரல் கேட்டுத்தான் கொடுப்பது. எங்கள் இருவருக்குள் ஒரு தேங்காய் கைமாறுவதென்றாலும் மாற்றுப் பெட்டியில்தான். இதையெல்லாம் பேசி முடித்த பிறகு, பச்சைப் பொட்டை எப்படிப் பிடித்தோம் என்று ஆரவாரமாகச் சொல்லத் தொடங்கினேன். பெரியம்மாவின் முழங்கால் என்றதும் மறுபக்கத்தில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

“நிக்கிறன்” என்றார் மாமா. அவருடைய குரல் வேறு மாதிரி இருந்தது. “அக்காட்டக் குடு.”

அம்மா போனை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். “ஓம், அதே கேள்விதான்” என்று சொன்னது கேட்டது. பிறகு, “ஓம்டா, அவ சுகமாத்தான் இரிக்கிறா. அவவுக்கு என்ன குறை?” என்றுவிட்டுச் சிரித்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னுடைய படகுக் கதையை இடையில் நிறுத்திவிட்டு, இல்லாத ஒருவரின் சுகத்தை இவ்வளவு நேரம் விசாரிக்கிறார்களே என்று.

நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான வருஷம் மாமா லீவில் வந்தார். அப்போதுதான் சொன்னார், அந்தக் கேள்வியில் முதலில் அகப்பட்ட ஆள் பச்சைப் பொட்டு இல்லை என்று. அதன் பிறகுதான் எனக்கு எட்டு வயதில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

யுத்தம் முடியாத காலம். வீடுகளுக்கு ஆட்கள் வந்து ஆட்களை விசாரித்து, கூட்டிக்கொண்டு போன காலம். மாமா அப்போது எங்களோடு இருந்து மேசன் வேலைக்குப் போய்வந்தார். ஒரு நாள் பத்து மணிபோல, சுத்தமாக அயர்ன் செய்த சேட்டோடு ஒருவர் சைக்கிளில் வந்து, நான் அவன்ட கூட்டாளி, ஒண்டா வேல செய்யிறம், அவசரமா அவனைக் காணணும் என்றார். அம்மா அவரை இருக்கச் சொல்லித் தேத்தண்ணி வைத்தார். ஆறுதலாக, மிக ஆறுதலாக, பெரியக்காட முழங்கால் எப்படி இரிக்கி, அவன் ஒண்டும் சொல்லல்லையா என்று கேட்டார். வந்தவர் சிரித்துக்கொண்டு, இப்ப சுகமாம் அக்கா, நேத்தும் சொன்னவன் என்றார். அப்படியெண்டா அவன் தேற்றாத்தீவுக்கு அவவிட்டத்தான் போயிருப்பான், கோயிலடியில கேளுங்க, காட்டுவாங்க என்றார் அம்மா.

எனக்குப் பெரியம்மா இல்லையே என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் பக்கம் திரும்பாமலே, சீனி முடிஞ்சிட்டு, ஓடிப்போய்க் கடையில வாங்கிட்டு வா என்றார். காசு தருவதற்கு வேலியடிவரை வந்து, வாற வழியில மாமா வேல செய்யிற மதிலடியில நிண்டு, அக்கா சீனி வாங்கச் சொன்னவ எண்டு மட்டும் சொல்லிட்டு வா என்று காதுக்குள் சொன்னார். அப்படியே செய்தேன். மாமா என்னை ஒரு தரம் பார்த்தார். கையில் இருந்த சாந்தகப்பையைக் கீழே வைத்தார். அன்று பின்னேரம் அவர் வீட்டுக்கு வரவில்லை. அதன் பிறகு நான் அவர் முகத்தைக் கண்டது கணினித் திரையில்தான்.

நான் திரும்பி வந்தபோது சைக்கிள்காரர் போய்விட்டிருந்தார். சீனியைக் கொட்டுவதற்காக டின்னைத் திறந்தேன். முந்தின நாள் மாமா வாங்கி வந்த சீனி டின் நிறைய இருந்தது. வாங்கி வந்ததைக் கொட்ட இடம் இருக்கவில்லை. எழுத்துத்தான் தெரியாதென்றால், வீட்டில் சீனி இருக்கிறதா இல்லையா என்பதுகூட இந்த அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று, மூன்றாம் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்திருந்த நான், அந்தப் பையை வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்று கவலைப்பட்டேன்.